வெறிநாய்க்கடி முன்காப்பு ஊசி

வெறிநோய் கொண்ட பிராணியால் கடிபடும் அபாயம் தொழில் காரணமாக நேரக்கூடிய மிருக வைத்தியர், ஆராய்ச்சிசாலைப் பணியாளர், நாய் பிடிப்போர் முதலியோர்க்குக் கடிபடுமுன்னரே போடப்படும் தடுப்பூசி, முன்காப்பு ஊசி எனப்படும்.

ஆதியில் வெறிநோய்த் தடுப்பூசி கடிபட்டவர்க்கே உரியதாயிருந்தது. 1885 ஜூலை 6-இல் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், உலர்ந்த முயல் முதுகுத்தண்டினின்றும் ஆக்கிய மருந்தை ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுப் பாலகனுக்குச் செலுத்துவித்தபோது, விஷம் மூளையை எட்டப் பல வாரங்களாகும் என்ற அவகாசத்தையே நம்பினார். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறையும், குன்னூர் பாஸ்டர் நிலையம் பல்லாண்டுகள் தயாரித்து வழங்கிய மருந்தும் விலங்கின் மூளைத் திசுவைச் சார்ந்தவையே. வயிற்றில் பதினான்கு ஊசி என்று நம் நாட்டார் அஞ்சியது இவற்றைத்தான். அம்மூளைத் திசுவே சிலருக்குப் பக்கவாதத்தை விளைத்தமையால், கடிபடாத ஆரோக்கியவானுக்கு அதனைப் போடுவது விவேகமன்று.

அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் நிலையத்தில் கொப்ரோவ்ஸ்கி, விக்டர், பிளாட்கின் ஆகியோர் 1960-களில் மனித உயிரணுக்களில் கிருமியை வளர்த்து ஆக்கிய தடுப்பூசியே இத்தடையை அகற்றிற்று. ஈரானில் வெறிகொண்ட ஓநாய்களாலும் நாய்களாலும் கடியுண்ட 45 பேர் இதனால் உயிர் தப்பினர் என்ற செய்தி 1976-இல் வெளிவந்த பின், முன்காப்பு நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

ஆனால் ரத்தத்தில் தோன்றிய எதிர்ப்பொருள் ஓராண்டுக்குள்ளேயே குறையக் கண்டமையால், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வழக்கம் நீடிக்கவில்லை; ஏனெனில் ஊக்க ஊசி பெற்றோருள் நூற்றுக்கு ஆறுபேர் அளவினருக்குத் தடிப்பும் மூட்டுவலியும் உண்டாயின. கிருமியைக் கொல்லச் சேர்த்த ரசாயனம், மருந்திலிருந்த மனித ஆல்புமினை மாற்றியதே இதற்கு ஹேது என்று பின்னர் தெளிவாயிற்று.

இதற்கிடையே 1983-இல், தோலினுள் முன்காப்பு ஊசி பெற்றிருந்த அமெரிக்கத் தொண்டர் ஒருவர், கென்யாவில் தாம் வளர்த்த நாய்க்குட்டி கடித்தும் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ளாதிருந்து மாண்டார். மலேரியாவுக்கென உட்கொள்ளும் குளோரோகுயின், தோலினுள் இடும் ஊசியின் பயனைக் குறைக்கும் என்பது 1986-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் புலப்பட்டதாயினும், அம்மரணம் உணர்த்தியது அது மட்டுமன்று: முன்காப்பு பெற்றவரும் கடிபட்டபின் சிகிச்சை பெற்றேயாக வேண்டும்.

எதிர்ப்பொருளின் அளவு தாழ்ந்தாலும், அதனை ஆக்கக் கற்ற உயிரணுக்களின் நினைவு அழிவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தவர்க்கும் ஒரு ஊக்க ஊசி சில தினங்களுள் எதிர்ப்பொருளைப் பெருகச் செய்கிறது. ஆகவே இக்காலத்தில், கிருமியையே கையாளும் ஆராய்ச்சிசாலையார் போன்ற சிலரன்றி ஏனையோர்க்குக் காலந்தவறாத ஊக்க ஊசி அவசியமில்லை. அச்சிலரும் ரத்தத்தைச் சோதித்து, மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறைந்தால் மட்டுமே பெறுகின்றனர். முன்காப்பு பெற்ற எவரும் கடிபட்டாலோ, புண்ணைச் சோப்பிட்டு நன்கு கழுவியபின், முதல் நாளும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் இரண்டே ஊசிகள் போதும். விலையுயர்ந்ததும் கிடைத்தற்கரியதுமான இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்து இவர்களுக்கு வேண்டுவதில்லை.

மூன்று தவணையாயிருந்த முன்காப்பையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல், ஒரு வார இடைவெளியுள்ள இரு தவணையாகச் சுருக்கியது. வெறிநோயைப் பரப்பும் ரத்தமுண்ணி வௌவால்கள் மலிந்த பெரு நாட்டு அமேசான் காட்டுக் கிராமங்களில், வைத்தியசாலையை அடைவதற்கே நெடும்பயணம் செய்யவேண்டியவர்களின் குழந்தைகளுக்கு இவ்வூசி முன்கூட்டியே போடப்படுகிறது.