25 லட்சம் காலடி: மிலம் கிராமத்து வாத்தியார் நடந்தே அளந்த திபெத்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பேசுறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, லீ பஜாருக்கு லோடு வர்ற நேரம்.

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கிறேன். உங்க வாட்ச் ஒரு நாளைக்கு பத்தாயிரம் ஸ்டெப் நடக்கச் சொல்லுதுல்ல? அப்படியே 240, 250 நாள் விடாம நடந்தா கிட்டத்தட்ட 25 லட்சம் வரும். 1865ல ஒருத்தர் அவ்வளவு நடந்தார். வாட்ச் எண்ணல, அவரே எண்ணினார். ஒவ்வொரு காலடியையும், வாய்விட்டு சொல்லாம, மாலை உருட்டி. எண்ணுறது யாருக்காவது தெரிஞ்சா தலை போயிடும்ங்கிற ஊர்ல.

அவர் பேரு நயின் சிங் ராவத். 2017 அக்டோபர் 21 அன்னைக்கு கூகுள் டூடுல்ல வந்தாரு. அன்னைக்குத்தான் எனக்கும் அவரைத் தெரியும். இருந்தாலும் அவர் செஞ்சது என்னன்னு உடம்புல உறைச்சது போன வருஷம், அவர் ஊருக்கு நானே நடந்து போனப்பதான்.

முன்சியாரியிலிருந்து வடக்கே

உத்தராகண்ட் மாநிலத்துல, பித்தோராகட் மாவட்டத்துல முன்சியாரின்னு ஒரு ஊர். எதிர்ல பஞ்சசூலி சிகரங்கள் அஞ்சும் வரிசையா நிக்கும். அங்க பர்மிட் வாங்கிட்டு கோரிகங்கா ஆத்தை ஒட்டியே வடக்க நடக்கணும். லீலம், பக்டியார், ரில்கோட், மர்தோலி, புர்ஃபு, கடைசியா மிலம். நாலு நாள் நடை. மிலம் கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்துல இருக்கு. நம்ம ஏற்காடு மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல.

நான் ஒரு வேலை பண்ணினேன். எங்க அம்மாயியோட ருத்ராட்ச மாலையை வாங்கிட்டுப் போனேன். நயின் சிங் மாதிரியே எண்ணிப் பார்க்கலாம்னு. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளணும். முதல் நாள் ஒரு மணி நேரம் கூட தாங்கல. எதிர்ல ஆட்டு மந்தையோட வந்த ஒருத்தர் "நமஸ்தே"ன்னாரு. நானும் "நமஸ்தே"ன்னேன். அவ்வளவுதான், 60ல இருந்தேனா 80ல இருந்தேனான்னு தெரியல.

அப்ப எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. மண்டியில வெல்ல மூட்டை எண்ணுவாரு. "லாபம், ரெண்டு, மூணு"ன்னு. ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு, லாபம்தான். எண்ணும்போது யாராவது பேச்சு கொடுத்தா ஒரு கையை மட்டும் தூக்குவாரு, வாய் திறக்க மாட்டாரு. வந்தவங்களும் புரிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. நயின் சிங்குக்கு அந்த மாதிரி ஒரு 'கை தூக்கல்' தேவைப்பட்டது. அவர் என்ன பண்ணினாருன்னு சொல்றதுக்கு முன்னாடி, கதை எங்க ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம். அது நம்ம பக்கத்துலதான் ஆரம்பிக்குது.

பரங்கிமலையில போட்ட முதல் கோடு

1802 ஏப்ரல் மாசம். சென்னை பரங்கிமலை பக்கத்துல வில்லியம் லாம்ப்டன்ங்கிற ராணுவ அதிகாரி ஒரு இரும்புச் சங்கிலியை வெச்சு ஏழரை மைல் நீளத்துக்கு தரையை அளக்கிறாரு. 57 நாள் ஆச்சு. அந்த ஒரு கோடு துல்லியமா தெரிஞ்சா போதும், மிச்சத்தை முக்கோணம் முக்கோணமா கோணத்தை மட்டும் அளந்து கணக்குப் போட்டுக்கலாம். பள்ளிக்கூடத்துல படிச்ச டிரிக்னாமெட்ரிதான். அப்படி ஆரம்பிச்ச வேலைக்கு 1818ல 'கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே'ன்னு பேரு வந்தது.

கோணம் அளக்கிற தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808ல தஞ்சாவூர் கோயில் மேல அதை ஏத்தும்போது கயிறு விட்டுப்போய் சுவத்துல மோதி நசுங்கிடுச்சு. லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள்ள உக்காந்து ஆறு வாரம் தட்டித் தட்டி அதைச் சரி பண்ணினாரு.

இந்த அளவையோட முதுகெலும்பு கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டிப் போகுது. சேலம் இருக்கிறதும் அந்த ரேகை பக்கத்துலதான். டேராடூனும் அதே ரேகை பக்கத்துலதான். அதாவது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து திசைகாட்டியை வெச்சுக்கிட்டு நேர் வடக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல நடந்தா டேராடூன் பக்கத்துல போய் முட்டுவீங்க. லாம்ப்டன் 1823ல பாதி வழியில, மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்ல இறந்துட்டாரு. ஜார்ஜ் எவரெஸ்ட் அதை எடுத்து முடிச்சாரு. 1852ல ராதாநாத் சிக்தார்ங்கிற வங்காளிக் கணித அறிஞர் போட்ட கணக்குலதான் 'சிகரம் 15' உலகத்துலேயே உசரமானதுன்னு தெரிஞ்சது. அந்தச் சிகரத்துக்கு 1865ல யார் பேரு வெச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இந்தப் பக்கம் எல்லாம் அளந்தாச்சு. மலைக்கு அந்தப் பக்கம் திபெத். அங்க ஐரோப்பியர்களை உள்ள விட மாட்டாங்க. பிரிட்டிஷ்காரங்க மேப்ல அது பெரும்பாலும் வெறும் வெள்ளை. லாசா எந்த இடத்துல இருக்குன்னு கூட சரியா குறிக்க முடியல.

வாத்தியாருக்குக் கொடுத்த டிரெயினிங்

சர்வேயில இருந்த தாமஸ் மாண்ட்காமரி ஒரு யோசனை சொன்னாரு: வெள்ளைக்காரன் போக முடியலேன்னா, எல்லைக் கிராமத்து ஆளுங்களையே அனுப்பலாம். முதல்ல 1863ல அப்துல் ஹமீதுங்கிறவரை யார்கந்துக்கு அனுப்பினாங்க. போனாரு, அளந்தாரு, திரும்பி வர்ற வழியில இறந்துட்டாரு. அவரோட குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்ததா தேர்ந்தெடுத்தது மிலம் கிராமத்து நயின் சிங்கையும் அவரோட உறவுக்காரர் மணி சிங்கையும். நயின் சிங் 1830ல பிறந்தவர். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அதனாலதான் அவரை 'பண்டிட்'னு கூப்பிட்டாங்க. மிலம்காரங்க சௌக்கா சமூகம். பரம்பரை பரம்பரையா ஆட்டு முதுகுல தானியம் ஏத்திக்கிட்டு கணவாய் தாண்டி திபெத்துக்குப் போய் உப்பு, கம்பளி வாங்கிட்டு வர்ற வியாபாரிங்க. அவங்களுக்குத் திபெத்திய மொழி தெரியும், பழக்கவழக்கம் தெரியும்.

டேராடூன்ல ரெண்டு வருஷம் பயிற்சி. முதல் பாடம் நடக்கிறது. மேடோ பள்ளமோ, ஒரே அளவுல காலடி வைக்கணும். 2,000 காலடி ஒரு மைல். சும்மா பண்ணிப் பாருங்க, மொட்டை மாடியில கூட வராது. ஒரு காலடியில ஒரு அங்குலம் தப்பினா, 1,200 மைல் பயணத்துல தப்பு கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் ஆயிடும். சேலத்துலேர்ந்து ஈரோடு தூரம்.

இங்கதான் எஞ்சினியரிங் மூளைக்கு வேலை. சின்னத் தப்பு சேர்ந்துக்கிட்டே போகும்னா, நடுநடுவுல வேற ஒரு வழியில சரிபார்க்கணும். அதுக்கு நட்சத்திரம். துருவ நட்சத்திரம் அடிவானத்துலேர்ந்து எத்தனை பாகை உசரத்துல தெரியுதோ, கிட்டத்தட்ட அதுதான் அந்த ஊரோட அட்சரேகை. சேலத்துல 12 பாகை கூட இல்ல, லாசாவுல 30க்குப் பக்கம். ஆனா மலைக்கு நடுவுல அடிவானமே தெரியாதே? அதனால ஒரு கிண்ணத்துல பாதரசம் ஊத்துவாங்க. அது ஆடாம தட்டையா நிக்கும் கண்ணாடி. மேல நட்சத்திரம், கீழ அதோட பிம்பம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோணத்தைப் பாதியாக்கினா விடை.

உயரத்துக்கு வெந்நீர். மேல போகப் போக தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிக்கும். ஏற்காட்ல கிட்டத்தட்ட 95 டிகிரி, லாசாவுல 88 பக்கம். ஒரு தெர்மாமீட்டர் இருந்தா போதும்.

இதையெல்லாம் ஒளிச்சு எடுத்துட்டுப் போகணும். பாதரசம் சோழிக்குள்ள போச்சு. தெர்மாமீட்டர் ஊன்றுகோலுக்குள்ள. கோணம் அளக்கிற செக்ஸ்டன்ட் பெட்டியோட பொய்த்தளத்துக்குக் கீழ. ஜபமாலையில வழக்கமா 108 மணி இருக்கும், இவங்க மாலையில நூறுதான். நூறு காலடிக்கு ஒரு மணி, ஒரு சுத்து முடிஞ்சா பத்தாயிரம் காலடி, அஞ்சு மைல். குறிப்பு எழுதின காகிதம் பௌத்தர்கள் கையில வெச்சு சுத்துற பிரார்த்தனை உருளைக்குள்ள. யாராவது பேச வந்தா அந்த உருளையைச் சுத்த ஆரம்பிச்சிடுவாரு. ஜபம் பண்றவரை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. இதுதான் அவரோட 'கை தூக்கல்'.

லாசா

1865 மார்ச்ல காத்மாண்டு. எல்லையில மாட்டிக்கிட்டு, லாசாவுக்குப் போக மாட்டேன், போனா உயிர் உங்களுதுன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் உள்ளயே போக முடிஞ்சது. அப்புறம் லடாக் வியாபாரிகள் கூட்டத்தோட சேர்ந்து, 1866 ஜனவரி 10ல லாசா.

கைக்காசு தீர்ந்துபோச்சு. நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குப் பதிவு சொல்லிக்கொடுத்து சாப்பிட்டாரு. வாத்தியார் வேலை எங்கயும் கைவிடல பாருங்க. சின்னப் பையனா இருந்த தலாய் லாமாவையும் பார்த்தாரு. ஒரு நாள் நடுத்தெருவுல ஒரு சீனரோட தலையை வெட்டுறதைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் வெளிய வர்றதையே குறைச்சுக்கிட்டாரு. காஷ்மீரி வம்சாவளி முஸ்லிம்கள் ரெண்டு பேர் இவர் வேஷத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. காட்டிக்கொடுத்திருக்கலாம். அவங்க அதை வெளிய சொல்லல, மேல பணமும் கடன் கொடுத்தாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச மனுஷங்க அவங்கதான்.

ராத்திரி ராத்திரியா நட்சத்திரம் பார்த்து அவர் குறிச்ச லாசாவோட அட்சரேகை 29 பாகை 39 நிமிஷம். இப்ப ஃபோன்ல மேப்பைத் திறந்து பாருங்க. அதேதான். ஏப்ரல்ல கிளம்பி, பிரம்மபுத்திராவோட மேல்பகுதியான சாங்போ ஆத்தை ஒட்டியே மேற்கே நடந்து, மானசரோவர் பக்கமா சுத்தி, அக்டோபர்ல ஊர் திரும்பினாரு. மொத்தம் 1,200 மைல்.

1874ல இன்னொரு நடை. லே நகரத்துலேர்ந்து பாங்கோங் ஏரி ஓரமா கிழக்கே, அதுவரைக்கும் யாரும் மேப்ல குறிக்காத ஏரிகளா தாண்டித் தாண்டி மறுபடி லாசா, அங்கிருந்து தவாங் வழியா அஸ்ஸாம். மூட்டை சுமக்க 26 ஆடு. கடைசி வரைக்கும் வந்தது நாலஞ்சு ஆடுதான். அவர் கண் பார்வையும் உடம்பும் கெட்டுப்போச்சு. அதோட நடை நின்னுச்சு.

யார் பேரு, யார் மேப்

1868ல லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி இதழ்ல முதல் பயண அறிக்கை வந்தது. எழுதினவர் மாண்ட்காமரி. நடந்தவர் வெறும் 'பண்டிட்'. ரகசியம் காக்கணும்ங்கிறது நியாயமான காரணம்தான். 1877ல அதே சங்கம் அவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. 2004ல நம்ம தபால் துறை ஸ்டாம்ப் வெளியிட்டது.

ஆனா ஒண்ணையும் மறைக்காம சொல்லணும். அவர் உளவாளி. திபெத்காரங்க வெளியாளை உள்ள விடாததுக்கு அவங்க பயம் காரணம். அந்தப் பயம் பொய்யாகல. 1904ல யங்ஹஸ்பண்ட் தலைமையில பிரிட்டிஷ் படை லாசாவுக்குள்ள போச்சு. அவங்களுக்கு முன்னாடி வழியை அளந்து வெச்சவங்கள்ல நம்ம வாத்தியாரும் ஒருத்தர்.

என் வேலை ஒரு டெலிவரி ஆப்ல. லொகேஷன் டேட்டா டீம். மேப்ல இல்லாத சந்து ஒண்ணுல பத்து டெலிவரி அண்ணன்கள் வண்டி ஓட்டினா, அவங்க ஃபோன் விட்டுட்டுப்போற புள்ளிகளை வெச்சு அங்க தெரு இருக்குன்னு நாங்க கோடு போடுவோம். அந்த அண்ணன்கள் பேரு எந்த மேப்லயும் வராது. அந்த மேப்பை நாளைக்கு யார் எதுக்குப் பயன்படுத்துவாங்கன்னு எங்களுக்கும் தெரியாது. நயின் சிங்கைத் தப்பு சொல்ல ஆரம்பிச்சா எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிடுது.

நாலாவது நாள் மத்தியானம் மிலம் வந்தேன். கல் வீடுகள் வரிசை வரிசையா நிக்குது. பெரும்பாலான வீட்டுக்குக் கூரை இல்ல. நல்ல மர வேலைப்பாடு செஞ்ச கதவு நிலை மட்டும் நிக்குது, உள்ள செடி முளைச்சிருக்கு. 1962 போருக்கு அப்புறம் எல்லை மூடிடுச்சு. உப்பு வியாபாரம் நின்னுச்சு. வியாபாரம் போனதும் ஊரும் கீழ இறங்கிடுச்சு. கோடையில மட்டும் சில குடும்பங்கள் வந்து கொஞ்சம் விவசாயம் பண்றாங்க. பக்கத்துல எல்லைக் காவல் படை முகாம். மத்தபடி காத்து.

மேப்ல எல்லை தெளிவா விழுந்தது. அந்தக் கோட்டுக்கு வழி அளந்தவரோட ஊரே அந்தக் கோட்டுல காலியாச்சு.

திரும்பி வர்றப்ப மாலையை எடுத்தேன். இந்தத் தடவை யாராவது "நமஸ்தே"ன்னா திரும்பச் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன், கணக்கு போனா போகட்டும்னு. "லாபம்"னு ஆரம்பிச்சேன். மர்தோலி இறக்கத்துல கணக்கு போயிடுச்சு.

அடுத்த எபிசோடுல கிந்துப். சிக்கிம்காரர். சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதான்னு நிரூபிக்கப் போய், அடிமையா விக்கப்பட்டு, தப்பிச்சு, அப்பவும் ஒத்துக்கிட்ட வேலையை முடிச்சவர். அதுவரைக்கும், இன்னைக்கு உங்க வாட்ச் காட்டுற ஸ்டெப்ல ஒரு நூறையாவது நீங்களே எண்ணிப் பாருங்க. எத்தனையில தவறுச்சுன்னு எனக்கு எழுதுங்க. வர்றேன்.