நட்சத்திர ஆமையின் உறைவிடம்

நட்சத்திர ஆமை என்பது இந்தியா, இலங்கை, பாக்கித்தான் ஆகிய நாடுகளின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நில ஆமை இனமாகும். நடுநிலக்கடற்பகுதி ஆமைகளைப் போல் இது குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே அவற்றிற்காக ஐரோப்பாவில் அமைக்கப்படும், மண்ணும் சருகும் நிரப்பிய குளிர்காலப் பெட்டி இதற்கு ஏற்றதன்று. குளிரில் அடைத்து வைத்தால் நோயுற்று இறக்கவும் நேரிடும். கோடையில் இது புதரடியில் ஒதுங்கியிருந்து, காலையிலும் மாலையிலுமே இரைதேடும், மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகும்.

மாமல்லபுரத்திற்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், ரோமுலசு விட்டேக்கர் முதலானோர் 1976 இல் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில் ஆமைகளும் பேணப்படுகின்றன. இக்கடற்கரையில் நில ஆமைக்கு வேண்டுவன நிழலும், வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்காத மேட்டு நிலமுமே.

வீட்டிற்கு ஆமை ஆகாது என்னும் நம்பிக்கையுள்ள நாட்டிலேயே, செல்வம் சேரும் என்று இதனை வாங்குவோரும் உள்ளனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். 2019 இல் சைட்டிசு உடன்படிக்கையின் முதற்பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது.