சத்தம் ஏற்றிய கதை

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவரின் இடது கையைக் கவனித்திருக்கிறீர்களா? கியர் மாற்றாத நேரத்தில் அது பாட்டுப் பெட்டியின் வால்யூமைத்தான் தேடும். இளையராஜாவின் 1980-களின் பாட்டு என்றால் கூட்ட வேண்டும். அடுத்து போன வருஷத்துப் பாட்டு வந்தால் ஸ்பீக்கர் கிழிவதற்குள் குறைக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் பென் டிரைவில் பாட்டு ஏற்றும்போதே கம்ப்யூட்டரில் பழைய பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுகிற வழக்கம் வந்தது. நாலு கிளிக்கில் முடிகிற வேலைதான். ஆனால் அந்த நாலு கிளிக் நம் ஊருக்கு வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1898-ல் வால்டெமர் பௌல்சன் என்பவர் எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதியும் கருவியைச் செய்தார். குரல் பதிந்தது, ஆனால் ரிசீவரைக் காதில் ஒட்டிவைத்துக்கொண்டால்தான் கேட்கும். அவரிடம் வேலை பார்த்த பீட்டர் ஜென்சன் அமெரிக்காவுக்குப் போய், கலிபோர்னியாவில் நாப்பா என்ற சிற்றூரில் எட்வின் பிரிதமுடன் சேர்ந்து நல்லதொரு டெலிபோன் ரிசீவர் செய்ய முயன்றார். டெலிபோன்காரர்கள் அது வேண்டாம் என்றுவிட்டார்கள். தோற்றுப்போன அந்த ரிசீவரில் கிராமபோன் குழாய் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்: ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம்! 1915 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் திரண்ட கூட்டத்துக்கு அது பாட்டும் பேச்சும் கேட்கவைத்தது. 1919-ல் சான் டியேகோவில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதே கருவியின் உதவியோடு சுமார் 50,000 பேரிடம் பேசினார்.

அரசியல்வாதியின் கைக்குப் போன சாமான் அதற்கப்புறம் நிற்குமா? அது கடல் தாண்டி இந்தியாவுக்கும் வந்தது. 1940-ல் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் நாடு முழுக்கப் பரவின. தமிழ்க் கிராமங்களில் ‘ரேடியோ செட்’ கட்டுவது ஒரு தொழிலாயிற்று. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை எதுவானாலும் முதலில் தென்னை மரத்தில் குழாய் ஏறும், பந்தல்கூட அதற்கப்புறம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் இருபுறமும் மலை, நடுவே வயலும் தோப்பும். ஒரு ஊரின் விசேஷம் பக்கத்து ஊருக்குப் பத்திரிகை வைக்காமலே தெரிந்துவிடும்.

குழாய்க்கு ஏன் அவ்வளவு சத்தம்? ஹார்மோனியத்தின் அடிச்சுருதியும் மிருதங்கத்தின் தொப்பியும் அதில் பெரும்பாலும் விழாது. நடுவிலும் மேலேயும் உள்ள ஒலிகளை மட்டும் அது கூர்மையாக வீசும். நம் காது மிக நன்றாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் என்பது 1933-ல் பிளெட்சரும் மன்சனும் வரைந்த வளைகோடுகளிலிருந்து தெரிந்தது. அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டதை நம் ரேடியோ செட்காரர் வளைகோடு எதுவும் இல்லாமல் மரத்தில் ஏறியே தெரிந்துகொண்டார்.

குழாய் முழங்கிய இதே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்துதான் பாவலர் வரதராசனும் தம்பிகளும் புறப்பட்டார்கள். பண்ணைப்புரத்துச் சகோதரர்கள். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், போடிமெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பாடிக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஓட்டுக் கேட்டார் வரதராசன். அந்தத் தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பிறகு அண்ணனோடு மேடை மேடையாகப் போன தம்பி ராசையா 1976-ல் ‘அன்னக்கிளி’யால் இளையராஜா ஆனார். முதல் பாட்டைப் பதியத் தொடங்கிய நொடியில் கரண்ட் போய்விட்டது என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

அமெரிக்காவிலோ சத்தப் போட்டி வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஓட்டல்களில் காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸுக்குக் கடைக்காரர் வைத்ததுதான் வால்யூம். பத்து இசைத்தட்டுகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் உரக்கப் பதிந்திருந்தால் அதுதான் காதில் நிற்கும். அதனால் ‘இன்னும் சூடாக வெட்டு’ என்று தயாரிப்பாளர்கள் தட்டு வெட்டுபவர்களை நெருக்கினார்கள். ஆனால் ரொம்ப உரக்க வெட்டினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளும். பேராசைக்கு அந்த ஊசிதான் வேலி.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனியின் லூ ஓட்டன்ஸ் கையடக்க கேசட்டை வெளியிட்டபோது பௌல்சனின் காந்தம் மறுபிறவி எடுத்தது. வளைகுடா போனவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், 60 நிமிட டேப்பில் பதிந்து, அட்டையில் குண்டு எழுத்தில் பெயர் எழுதித் தருவார்கள். காப்புரிமையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு சிக்கல்: நகலுக்கு நகல் எடுக்க எடுக்க ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடிக்கொண்டே போகும். அதை அமுக்க எளிய வழி, மீட்டரின் முள் சிவப்பைத் தொடும் அளவுக்குப் பாட்டைத் தள்ளிப் பதிவது. டேப் நல்ல பிள்ளை. அளவு மீறினாலும் முனைகளை மழுக்கி வாங்கிக்கொள்ளும். பாட்டைப் பதியும்போதே சத்தம் ஏற்றும் பழக்கம் நம் ஊர்க் கைகளில் படிந்தது இந்தத் திருட்டு நகல்களால்தான் என்பேன்.

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் இரைச்சலும் இல்லை, துள்ளும் ஊசியும் இல்லை. மேலே ஒரு கூரை மட்டும் இருந்தது. அதைத் தாண்டினால் ஒலி அலையின் தலை சீவப்பட்டுக் கரகரக்கும். 1994-ல் இஸ்ரேலின் வேவ்ஸ் கம்பெனி எல்-1 என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. உச்சங்களை முன்கூட்டியே பார்த்து அமுக்கி, மீதி அத்தனையையும் கூரைவரை தூக்கிவிடும். ஒருவர் செய்தார், எல்லோரும் காப்பியடித்தார்கள். 2008-ல் மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இதைவிடத் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்களே புகார் செய்யும் நிலை வந்தது. புதுப்பாட்டு அலறுவதற்கும் பழைய பாட்டு முனகுவதற்கும் காரணம் இதுதான். பழையதில் குறை ஒன்றும் இல்லை. புல்லாங்குழல் மெல்ல வந்து, வயலின் கூட்டம் எழுந்து நிற்க அங்கே இடம் விட்டிருந்தார்கள்.

எம்.பி.3 என்ற பெயர் ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வகத்தில் 1995 ஜூலை 14 அன்று முடிவானது. ஒரே சி.டி.யில் நூற்றைம்பது பாட்டு நுழைந்தது; ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில். 2001-ல் டேவிட் ராபின்சன் என்பவர், உச்சத்தை அளக்காமல் காது உணரும் உரப்பை அளந்து சமன்செய்யும் ரீப்ளேகெயின் முறையை முன்வைத்தார். அதை வைத்து கிளென் சாயர் எழுதிய இலவச மென்பொருள்தான் எம்.பி.3 கெயின். ஒவ்வொரு எம்.பி.3 துண்டிலும் ‘இதை இவ்வளவு சத்தத்தில் பாடு’ என்று ஓர் எண் இருக்கும். அது ஒன்று மாறினால் 1.5 டெசிபல் மாறும். பாட்டை இந்த மென்பொருள் தொடுவதே இல்லை, எண்ணை மட்டும் மாற்றும். வேண்டாம் என்றால் பழையபடி ஆக்கிவிடலாம்.

2000-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆடாசிட்டி என்ற மென்பொருளிலும் சத்தம் கூட்டலாம். கூரையைத் தாண்டும் அளவு கேட்டால், அனுமதிப் பெட்டியை டிக் செய்யாதவரை அது ஓகே பொத்தானை அமுக்கவே விடாது. நல்ல காவல்காரன். ஆனால் எம்.பி.3-ஐ அதில் திறந்து திரும்ப எம்.பி.3 ஆகவே சேமித்தால், கேசட் காலத்து நகலைப்போலத் தரம் ஒரு படி இறங்கும்.

எம்.பி.3 கெயினில் இயல்பாக இருக்கும் இலக்கு 89 டெசிபல். பஸ்ஸுக்குப் பாட்டு ஏற்றும்போது பத்து டெசிபல் கூட்டிவிடத் தோன்றும். கூட்டினால் புல்லாங்குழலும் வயலினும் ஒரே கூரையில் முட்டிக்கொள்ளும். அலறும் புதுப்பாட்டை 89-க்கு இறக்குவதுதான் சரி. மிச்சத்தை பஸ்ஸில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். உலகமும் அந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010-ல் உரப்புக்குப் பொது அளவு வைத்தார்கள். யூடியூபும் உரத்த பாட்டை இறக்கிவிடுகிறது.

தேனிப் பக்கத்துப் பரணில் ஊர்த் திருவிழாவையோ தாத்தா பாடியதையோ பதிந்த கேசட் இருந்தால், பூஞ்சை பிடிக்குமுன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். பதியும்போது அளவு கூரைக்கு ஆறு டெசிபல் கீழேயே நிற்கட்டும். குறைவாகப் பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். தலை சீவப்பட்ட ஒலியை ஒட்டவைக்க முடியாது.