புதுச்சேரிச் சுறா: பல்லில் கிடக்கும் சாட்சி

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா ஒன்று உண்டு. அறிவியலில் அதன் பெயர் கார்கரைனஸ் ஹெமியோடான். 1979க்குப் பிறகு அது கிடைத்ததாக உறுதிப்பட்ட பதிவு எதுவும் இல்லை. எங்கள் ஊரான வளவனூருக்குக் கடல்மீன் வருவது புதுவையிலிருந்தும், பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் வரை நீளும் எங்கள் மாவட்டக் கரையிலிருந்தும்தான். இந்தக் கரையோர நீரில் திரிந்த ஓர் உயிர் எங்கே போயிற்று என்ற கேள்வியே என்னைப் பழைய நூல்களுக்குள் இழுத்தது.

முதல் தடயம் பெர்லினில் கிடைக்கிறது. சுறா, திருக்கை இனங்களை முறைப்படி வகைப்படுத்தி யோகானஸ் முல்லரும் யாக்கோப் ஹென்லேயும் எழுதிய நூலில், 1839இல் இந்தச் சுறா முதன்முதலாக விவரிக்கப்பட்டது. சிறுநீரகத்தின் 'ஹென்லே வளைவு' என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்களே, அதே ஹென்லேதான். ஆனால் பெயரைத் தாங்கள் சூட்டவில்லை, பாரிஸ் அருங்காட்சியகத்தின் வலென்சியன் வைத்த பெயர் அது என்று இருவரும் குறித்திருக்கிறார்கள். புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். லெஷ்னோ போன்ற இயற்கையியலாளர்கள் இங்கிருந்து பாரிசுக்கு மீன் மாதிரிகளை அனுப்பி வந்த காலம். அந்தப் பெயர் பாரிசில் பிறந்ததில் வியப்பில்லை.

அடுத்த கேள்வி, எதை வைத்து இதைத் தனி இனம் என்றார்கள்? பல்லை வைத்து. மேல்தாடைப் பல்லின் அடிப்பகுதி விளிம்பு ரம்பம்போல் இருக்கும். நுனிப்பகுதி வழவழப்பாக இருக்கும். ஒரே பல்லில் பாதி ஒரு விதம், பாதி வேறு விதம்.

இது போதுமான சாட்சி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதே 1839 நூலில் மாக்லாட் என்பவரின் பெயரில் இன்னொரு சுறாவும் இருக்கிறது. அதன் மேற்பற்களும் ஏறத்தாழ இப்படித்தான். அதனால் பல்லோடு இன்னோர் அடையாளமும் வேண்டும். புதுச்சேரிச் சுறாவின் மார்புத் துடுப்பு நுனியும், இரண்டாம் முதுகுத் துடுப்பும், வால் துடுப்பின் கீழ்மடல் நுனியும் கறுத்திருக்கும். மாக்லாட் சுறாவுக்கு அந்தக் கறுப்பு இல்லை. அதன் மூக்கை அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். அதற்காகக் கறுப்பு நுனியை மட்டும் நம்பவும் முடியாது, அது நம் கடலின் வேறு பல சுறாக்களுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

ஊர்ப் பெயரும் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகக் கூடியது. பெயரைப் பார்த்தால் புதுவைக்கே உரிய உயிர் போலத் தெரியும். அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளோ இந்தியாவிலிருந்து நியூகினி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேகரிக்கப்பட்டவை. மொத்தமே இருபது அளவில்தான் இருக்கின்றன. 1985இல் இந்தச் சுறாப் பேரினத்தை மறு ஆய்வு செய்த நியூசிலாந்து அறிஞர் ஜாக் காரிக், புதுவையில் பிடிபட்ட ஓர் இளம் ஆணைப் பெயர்தாங்கி மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார். ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்று சச்சரவு எழுந்தால் இறுதியில் எடுத்துப் பார்க்க வேண்டிய உடல் அதுதான்.

ஹூக்ளி போன்ற ஆறுகளிலும் இது உண்டு என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவற்றை எடைபோடும்போது, ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிவரும் காளைச் சுறாவை நினைவில் வைக்க வேண்டும். பல்லைப் பார்க்காமல் எழுதப்பட்ட குறிப்பைச் சான்றாக ஏற்பதற்கில்லை.

மாதிரிகளை மறுபடி பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2019இல் ஒரு சான்று வந்தது. அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாக இருந்த மூன்று மாதிரிகளை ஆராய்ந்து, வில்லியம் வைட்டும் உடன் ஆய்வாளர்களும் கார்கரைனஸ் ஒப்சொலீட்டஸ் என்ற புதிய சுறா இனத்தை விவரித்தார்கள். தென்கிழக்காசியக் கடலைச் சேர்ந்த அந்த இனத்துக்கு 1934க்குப் பின் பதிவே இல்லை. பெயர் பெறுமுன்பே காணாமல் போன உயிர் அது.

நம் சுறா எப்படிக் கண்ணில் படாமல் போயிருக்கும்? இதற்கு விடை சமையலறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது ஒரு மீட்டரை ஒட்டிய நீளத்துக்கு மேல் பெரிதாக வளராத சுறா. அந்த அளவுச் சுறா புட்டுக்கு ஏற்றது. தலையை வெட்டி எறிகிறோம். உடலை வெந்நீரில் போட்டுத் தோலைச் சுரண்டுகிறோம். சதையை உதிர்த்து மஞ்சளும் பூண்டும் சேர்த்து வதக்குகிறோம். பல் தலையோடு போகிறது, கறுப்பு நுனி துடுப்போடு போகிறது. இனத்தை நிரூபிக்கும் இரண்டு சாட்சிகளும் வாணலிக்கு வருமுன்பே அழிந்துவிடுகின்றன.

2001இல் இந்தச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. உலகம் தேடும் காணாமற்போன 25 உயிரினங்களின் பட்டியல் 2017இல் வெளியானபோது அதிலும் இடம்பெற்றது. சட்டம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. கரையில் பல்லைப் பார்க்கும் கண்தான் குறைவு. அழிந்துவிட்டது என்று சொல்லவும் சான்று போதாது, இருக்கிறது என்று சொல்லவும் சான்று போதாது. என் தேடலில் நான் எட்டிய முடிவு இதுதான்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கறுப்பு நுனித் துடுப்புள்ள சின்னச் சுறாவைப் பார்த்தால், செல்பேசியில் மூன்று படங்கள் எடுங்கள்: பக்கவாட்டில் முழு உடல், தலையின் அடிப்பக்கம், வாயைத் திறந்து மேல்தாடைப் பல். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். படங்களைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ அனுப்புங்கள்.