கை ஆபரேஷனுக்கு முன் விரல்கள் தானாகத் துடிப்பது ஏன்? 'நெர்வ் ஸ்டிமுலேட்டர்' வேலை செய்வது எப்படி?

பைக்கில் இருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போக வச்சிடலாம்" என்கிறார் மயக்க மருந்து நிபுணர். கொஞ்ச நேரத்தில், நீங்கள் அசைக்காமலே உங்கள் விரல்கள் துடிக்கின்றன. பயப்படாதீங்க. அவர் தேடுவதே அந்தத் துடிப்பைத்தான்.

எந்த நரம்பு?

கழுத்தில் இருந்து கிளம்பும் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கு அடியில் புகுந்து, அக்குள் வழியாகக் கைக்கு வருகின்றன. இந்தப் பின்னலின் பெயர் 'பிரேக்கியல் பிளெக்சஸ்'. ஆபரேஷன் தோளிலா, விரலிலா என்பதைப் பொறுத்து ஊசி போடும் இடம் மாறும்.

மின்சாரம் எதற்கு?

நுனியில் மட்டும் மின்சாரம் பாயும் ஊசி இது. வழக்கமாக 1 மில்லியாம்பியர் அளவில், நொடிக்கு 1 அல்லது 2 பல்ஸ் அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிசெகண்ட்தான். அதனால் தசையை இயக்கும் இழைகள் தூண்டப்படும். வலி இழைகள் அவ்வளவாகத் தூண்டப்படாது.

எது அசைகிறது என்பதே அடையாளம்:

- முழங்கை மடங்கினால் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு
- மணிக்கட்டு பின்பக்கம் நிமிர்ந்தால் ரேடியல்
- ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கினால் மீடியன்
- சுண்டுவிரல் மடங்கினால் அல்நார்

0.5, 0.2: இந்த எண்கள் ஏன் முக்கியம்?

மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். 0.3 முதல் 0.5 மில்லியாம்பியரிலும் துடித்தால், ஊசி நரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 0.2-க்குக் கீழேயும் துடித்தால், நரம்புக்குள்ளேயே போயிருக்கலாம். அப்போது மருந்து செலுத்தாமல் ஊசியைப் பின்னால் இழுப்பார்கள்.

துடிப்பை மட்டும் நம்பலாமா?

கூடாது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஊசி நரம்பைத் தொடுவது அல்ட்ராசவுண்டில் தெரிந்தபோதும், 0.5 மில்லியாம்பியர் வரையிலான மின்சாரத்துக்குத் தசை துடித்தது சுமார் 75% பேருக்குத்தான். அதாவது, துடிக்கவில்லை என்பதால் நரம்பு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால்தான் இப்போது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போடும் முறை பரவியிருக்கிறது. அங்கே ஸ்டிமுலேட்டர் கூடுதல் எச்சரிக்கை மணி.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நுரையீரல் பிரச்னை, கையில் ஏற்கெனவே உள்ள மரமரப்பு: எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது கையில் சுரீரென்று கடுமையாக வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள். நரம்புக்குள் மருந்து போகிறதோ என்று மருத்துவர் சந்தேகிக்க, சில நேரம் நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் காரணமாக இருக்கும்.