பேரேட்டில் எழுதப்பட்டவர்

கடனுக்குப் பொருள் வாங்குவோரின் நாணயத்தை விசாரித்து எழுதிவைத்து, கடன் கொடுக்க இருப்பவருக்கு அந்தக் குறிப்பை விலைக்குத் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. தமிழ்நாட்டில் வங்கியில் கடன் கேட்போர் ‘சிபில் ஸ்கோர்’ என்று குறிப்பிடும் எண்ணும் இத்தொழிலின் விளைபொருளே. எழுதுபவரும் பணம் கொடுத்துக் கேட்பவரும் ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டிருக்க, யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவருக்கு மட்டும் அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது இத்தொழில் பிறந்த நாள் முதலே அதனுள் இருக்கும் அநீதியாகும். அவர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கவும் திருத்தவும் உரிமை பெற ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

தொழிலின் தொடக்கம் 1841ஆம் ஆண்டு, நியூயார்க் நகரம். அங்குப் பட்டு மொத்த வணிகம் செய்த ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் என்னும் சகோதரர்கள் உள்நாட்டுச் சிறு வணிகர்களுக்குச் சரக்கைக் கடனாக அனுப்பிவந்தனர். 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்தக் கடன்கள் வசூலாகாமற்போக, அவர்களது நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடனில் விழுந்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கடை வைத்திருப்பவர் வாக்குத் தவறாதவரா என்பதை அறிய வழியில்லாததே இழப்புக்குக் காரணம் என்று கண்ட லூயிஸ் டாப்பன், ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்ற பெயரில் விசாரணை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடிமை முறையை எதிர்த்து வெளிப்படையாகப் போராடியவர் அவர். ‘அமிஸ்டாட்’ கப்பலில் சிக்கிய ஆப்பிரிக்கர்களின் விடுதலை வழக்கை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். அந்நிலைப்பாட்டின் காரணமாகவே தென் மாநிலங்களில் அவருக்குச் செய்தி அனுப்பப் பலர் மறுத்தனர். மனித உரிமையில் இவ்வளவு அக்கறை கொண்டிருந்த ஒருவர் தொடங்கிய தொழிலிலும் எழுதப்பட்டவரின் உரிமை எண்ணிப்பார்க்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

நிலையத்தின் நடைமுறை எளியது. ஊர்தோறும் ஒரு செய்தியாளர் இருந்தார். அவர் பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர். கடைக்காரரின் வயது, திருமணம், சொத்து, மனைவி வழியில் வந்த செல்வம், குடிப்பழக்கம், ஒழுக்கம் ஆகியவற்றைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் எழுதியனுப்ப, நியூயார்க்கில் எழுத்தர்கள் அதைச் சுருக்கக் குறிகளுடன் தடித்த பேரேடுகளில் பதிந்தனர். ஆண்டுச் சந்தா கட்டிய மொத்த வணிகரோ அவரது ஆளோ அலுவலகத்துக்கு வந்து ஒரு பெயரைச் சொன்னால், மேசைக்குப் பின்னிருந்த எழுத்தர் உரிய பக்கத்தைப் புரட்டி வாசித்துக் காட்டுவார். எழுத்தில் படி எதுவும் தரப்படவில்லை. செய்தியாளருக்கு இதற்கென ஊதியம் கிடையாது. அவ்வூரில் வசூலாகாத கடன்களுக்கான வழக்குகள் அவருக்கு வந்துசேரும் என்பதே கைம்மாறு. ஆகவே ஒரு வணிகரின் நற்பெயர், அவர் நொடித்துப்போனால் வழக்கு நடத்தி வருவாய் பெறக்கூடிய ஒருவரின் பேனாவில் தங்கியிருந்தது. அந்தப் பேரேடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. வரலாற்றாய்வாளர்களுக்கு அவை பெருஞ்செல்வமாயினும், தாம் அவற்றில் இருப்பதை அறியாமலே மறைந்தவர்களைப் பற்றிய குறிப்புகளே அவற்றை நிறைத்திருக்கின்றன.

இந்த இரகசியத்துக்கு எதிரான முதல் பெரும் வழக்கு ஓஹையோ மாநிலத்தின் நார்வாக் என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. பியர்ட்ஸ்லி குடும்பத்து வணிகர் ஒருவரின் மனைவி மணவிலக்குக் கோரப்போகிறார் என்றும், அவ்வணிகர் தம் சொத்தைக் கைமாற்றிவிட்டார் என்றும் பொருள்பட நிலையத்தில் பதிவான குறிப்பு வெளியே பரவியதால் கடன் கிடைக்காமற்போனது. பியர்ட்ஸ்லி குடும்பத்தினர் அவதூறு வழக்குத் தொடர்ந்தனர். குறிப்பை அனுப்பியவர் யார் என்று நீதிமன்றம் கேட்டபோது, டாப்பனின் பங்குதாரரான பெஞ்சமின் டக்ளஸ் சொல்ல மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார். 1851இல் நடுவர் குழு 10,000 டாலர் இழப்பீடு விதித்தது. ஆயினும் 1870இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சான்று ஏற்கப்பட்ட முறையில் பிழை இருந்ததாகக் கூறி அத்தீர்ப்பை நீக்கியது. செய்தி சொன்னவரின் பெயரைக் காக்கச் சிறைக்கும் போக ஆயத்தமாயிருந்த தொழில், செய்திக்கு உள்ளானவரின் பெயரைக் காக்க அத்தகைய கடமை எதையும் ஏற்கவில்லை.

இதற்கிடையே நீதிமன்றங்கள் ‘காப்புப் பெற்ற தொடர்பு’ என்ற கோட்பாட்டை நாடின. நல்லெண்ணத்துடன், தெரிந்துகொள்ள உண்மையான தேவையுள்ள ஒருவரிடம் சொல்லப்படும் செய்தி தவறாயினும் அவதூறாகாது என்பதே அதன் பொருள். 1868இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரித்து வந்த சந்தாதாரருக்கு நேரில் சொல்லப்பட்டதற்கு இக்காப்பை வழங்கியது. 1871இல் அதே நீதிமன்றம், அக்கறை உள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி ஆயிரக்கணக்கான சந்தாதாரருக்கும் அச்சிட்டு அனுப்பிய தாளுக்கு அதை மறுத்தது. இன்னும் ஒருபடி மேலே சென்றது இலண்டன் பிரிவி கவுன்சில்: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ‘மக்கின்டாஷ் எதிர் டன்’ வழக்கில், பிறர் நடத்தையைப் பற்றிய செய்தியை ஆதாயத்துக்காக விற்பவர், கடமையால் சொல்பவருக்குரிய காப்பைக் கோர முடியாது என்று 1908இல் தீர்ப்பளித்தது. இப்பொருளில் வந்த தீர்ப்புகளுள் சிக்கலின் வேரைத் தொட்டது இதுவே எனலாம். அமெரிக்க நீதிமன்றங்களோ பெரும்பாலும் அவ்வழியில் செல்லவில்லை.

வணிகரிடமிருந்து சாதாரண வாடிக்கையாளரிடம் இத்தொழில் இறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1899இல் அட்லாண்டா நகரில் கேட்டர் உல்ஃபோர்டு, கை உல்ஃபோர்டு என்னும் சகோதரர்கள் ‘ரீட்டெய்ல் கிரெடிட் கம்பெனி’யைத் தொடங்கி, கடை கடையாகச் சென்று கணக்குப் புத்தகங்களிலிருந்து குடும்பங்களின் கடன் வரலாற்றைத் திரட்டினர். உடனே கொடுப்பவர், தாமதமாகக் கொடுப்பவர், ரொக்கத்துக்கு மட்டுமே தரத்தக்கவர் என்ற குறிகளுடன் அது புத்தகமாக விற்கப்பட்டது. மளிகைக் கடைக்காரரை நம்பி வாடிக்கையாளர் வைத்த பற்றுவரவுக் கணக்கு, அவர் அறியாமலே பிறருக்கான சரக்காகியது. பின்னர் அந்நிறுவனம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆட்களை விசாரிப்பதில் பெருகியது; விசாரணையாளர்கள் அண்டைவீட்டாரிடம் கேட்டறிந்து, குடி, குடும்பப் பூசல், நடத்தை ஆகியவற்றைக் கோப்பில் சேர்த்தனர்.

1960களில் இக்கோப்புகள் கணினிக்கு மாற்றப்படவிருந்த வேளையில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் விழித்தது. சட்ட அறிஞர் ஆலன் வெஸ்டின் எழுதியும் சாட்சியமளித்தும் எச்சரித்தார். செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் கொண்டுவந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் 1970 அக்டோபரில் கையொப்பமாயிற்று. கடன் மறுக்கப்பட்டவருக்குக் காரணமான நிறுவனத்தின் பெயரைத் தெரிவிக்கவும், கோப்பிலுள்ள செய்தியின் சாரத்தைச் சொல்லவும், மறுக்கப்படும் செய்தியை மீண்டும் விசாரிக்கவும் அது கட்டளையிட்டது. ஆனால் கோப்பையே காட்ட வேண்டும் என்று கூறவில்லை. தீய நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவதூறு வழக்குத் தொடர முடியாது என்ற காப்பையும் தொழில் பெற்றுக்கொண்டது.

சட்டம் நடைமுறைக்கு வந்த 1971இலேயே அதன் தேவை வெளிப்பட்டது. செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வாகனக் காப்பீட்டை நீக்கும் முடிவுக்குக் காரணமான அறிக்கை, அவர் ‘ஹிப்பி’ போன்றவர், போதைப்பொருள் பழக்கம் இருக்கலாம், முன்னர் குடியிருந்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றெல்லாம் சொன்னது. அதற்கு ஆதாரம் பழைய வீட்டின் அருகில் இருந்த ஒரே ஒருவரின் பேச்சு. கோப்பைக் கேட்டு அவர் திரும்பத் திரும்ப முயன்றும், விசாரணை நிறுவனம் சிறிது சிறிதாகவே சொன்னது. நீதிமன்றம் 2,500 டாலர் இழப்பீடும் 25,000 டாலர் தண்டனைத் தொகையும் விதிக்க, 1976இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

ரீட்டெய்ல் கிரெடிட் 1970களின் நடுவில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் அதன் மென்பொருளில் அறியப்பட்டிருந்த ஒரு பழுது அடைக்கப்படாததால், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்நிறுவனத்திடம் எதையும் தாமாகக் கொடுத்தவர்கள் அல்லர். இந்தியாவில் 2000இல் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தகவலின் துல்லியத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பை வரையறுத்தது. தம் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறும் வசதியை 2017 முதல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. முறையீடு 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, எழுதப்பட்டவரின் கைக்கே சேர வேண்டும் என்று 2023 அக்டோபரில் அது ஆணையிட்டது.