கச்சேரிக்கு பெங்களூரு போறீங்களா? கிராஃப்ட் பீர் பற்றி கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சனிக்கிழமை காலை, வேப்பம்பட்டு ஸ்டேஷன். ஸ்டாண்டில் பைக்கைப் போட்டுவிட்டு நாலு நண்பர்கள் லோக்கலுக்குக் காத்திருக்கிறார்கள். பெங்களூரு ரயில்கள் இதே தண்டவாளத்தில்தான் போகும், ஆனால் வேப்பம்பட்டில் நிற்காது. சென்ட்ரலுக்கோ பெரம்பூருக்கோ, இல்லை எதிர்த்திசையில் அரக்கோணத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டும். சாயங்காலம் அங்கே கச்சேரி. ஞாயிறு மதியம், ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கும் "கிராஃப்ட் பீர்". இரவுக்குள் வீடு.

சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து வார இறுதியில் இப்படிக் கிளம்பும் இளைஞர்கள் நிறைய. டிக்கெட், ரூம் எல்லாம் பக்காவாக புக் செய்திருப்பார்கள். பீர் விஷயத்தில் மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். பர்ஸும் டிரைவிங் லைசென்ஸும் அடிவாங்குவது அங்கேதான்.

(மது உடல்நலத்துக்குக் கேடு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இந்தக் கட்டுரை 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.)

கிராஃப்ட் பீர்னா என்ன?

எல்லா பீருக்கும் அடிப்படை நான்குதான்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (இதுதான் மால்ட்), கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட். கடையில் கிடைக்கும் பாட்டில் பீர் பெரும்பாலும் லாகர் வகை. குளிரில் மெதுவாக நொதிக்க வைத்து, வடிகட்டி, நீண்ட நாள் தாங்கும்படி தயாரிப்பது. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் குறிக்கோள்.

கிராஃப்ட் பீர் அதற்கு நேர் எதிர். சின்ன அளவில், அங்கேயே காய்ச்சி, அங்கேயே டேப்பில் பிடித்துத் தருவார்கள். இப்படிக் காய்ச்சும் இடத்துக்குப் பெயர் மைக்ரோப்ருவரி. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய எவர்சில்வர், செம்பு டேங்குகள் தெரியும். அது அலங்காரம் இல்லை, உண்மையிலேயே உள்ளே பீர் இருக்கிறது. பெரும்பாலும் வடிகட்டாமல், பாஸ்ச்சரைஸ் செய்யாமல் தருவதால் கலங்கலாக இருக்கும். முதல்முறை போகிறவர்கள் "என்னடா இது, கெட்டுப்போச்சா?" என்று கேட்பது வழக்கம். கெடவில்லை, ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் மிதக்கின்றன. அவ்வளவுதான்.

இதுக்கு எதுக்கு பெங்களூரு வரைக்கும்?

தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனை 1983 முதல் டாஸ்மாக் கையில். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதனிடம்தான். ஹோட்டல் பார், கிளப் எதுவானாலும் சரக்கு டாஸ்மாக் குடோன் வழியாகத்தான் வர வேண்டும். சில வாரங்களில் ருசி மாறிவிடும், குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டிய பீருக்கு இந்த லாரி, குடோன், கடை என்ற பாதை ஒத்துவராது. காய்ச்சிய இடத்திலேயே விற்றால்தான் கிராஃப்ட் பீருக்குப் பிழைப்பு. அந்தப் பழக்கம் இங்கே வேர்விடாததற்கு இதுவே பெரிய காரணம்.

இத்தனைக்கும் தானியத்தில் மது காய்ச்சுவது தமிழர்களுக்குப் புதுசு இல்லை. நெல்லில் சமைத்த 'தோப்பி' சங்கப் பாடல்களிலேயே வருகிறது. தென்னை, பனங்கள் இறக்க 1987 முதல் இங்கே தடை. அதை நீக்கச் சொல்லி விவசாயிகள் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பது தனிக் கதை.

பெங்களூருவில் கதை வேறு. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ப்ருவரிகளை ஒன்றாகச் சேர்த்து யுனைடெட் ப்ருவரீஸைத் தொடங்கினார். நம்ம நீலகிரி ப்ருவரியும் அதில் ஒன்று. சுதந்திரத்தை ஒட்டி அது விட்டல் மல்லையா கைக்கு வந்தது. நகரத்தின் முதல் மைக்ரோப்ருவரி என்று சொல்லப்படும் 'தி பியர் கிளப்' 2011-ல் திறந்தது எங்கே தெரியுமா? விட்டல் மல்லையா ரோட்டில். இந்திரா நகரில் 'டாய்ட்', அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த 'ஆர்பர் ப்ருவிங் கம்பெனி', ஒயிட்ஃபீல்டில் 'விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ்' என்று அடுத்தடுத்து வரிசை கட்டின. விண்ட்மில்ஸில் பீரோடு நேரடி இசை அரங்கமும் உண்டு. பாட்டுக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கச்சேரிக்காக சென்னைக்காரர்கள் ரயில் ஏறுவதும் இன்று நேற்று வந்ததில்லை. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிகா, ரெண்டுமே பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில்தான். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் சென்னை நந்தனத்திலும் பாடினார், பெங்களூரு நைஸ் கிரவுண்ட்ஸிலும் பாடினார். சென்னை டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு பெங்களூரு இன்னொரு வாய்ப்பு.

மெனு கார்டைப் பார்த்தா தலை சுத்துதே?

பெயர்கள் விசித்திரமாக இருக்கும். டாய்ட்டில் 'டின்டின் டாய்ட்', 'பாஸ்மதி ப்ளாண்ட்', ஆர்பரில் 'பெங்களூர் ப்ளிஸ்', 'ரேஜிங் எலிஃபன்ட்'. பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வகையைப் பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும்.

ஹெஃபவைசன் என்றால் ஜெர்மன் கோதுமை பீர். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த வாசம் வரும். ரெண்டையுமே அதில் போடுவதில்லை, அந்த ஈஸ்ட் வகைதான் அந்த மணத்தை உண்டாக்குகிறது. முதல்முறை குடிப்பவருக்கு ஒத்துப்போகும்.

விட்பியர் பெல்ஜியம் பாணி. இதில் உண்மையிலேயே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். ஆமாம், நம்ம சாம்பார் பொடிக்கு வறுக்கும் அதே தனியா. கசப்பு குறைவு. பெங்களூரு வெயிலுக்கு அதிகம் போவது இந்த ரெண்டு வகையும்தான்.

ஐபிஏ என்பதன் முழுப்பெயர் 'இந்தியா பேல் ஏல்'. ஹாப்ஸ் அதிகம், கசப்பும் அதிகம். கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரிலிருந்து பிறந்த வகை இது. ஹாப்ஸ் கெடாமல் காக்கும் என்பதால் அதிகம் சேர்த்தார்கள். இந்தியாவுக்காகவே ஒருத்தர் கண்டுபிடித்தார் என்று பப்களில் சொல்லும் கதை கொஞ்சம் மிகை. ஆல்கஹால் 6, 7 சதவீதம் வரை போகலாம், ஜாக்கிரதை.

ஸ்டவுட் கறுப்பு. மால்ட்டைக் கருக வறுப்பதால் காபி, டார்க் சாக்லேட் ருசி வரும். சிக்கரி போடாத ஸ்ட்ராங் டிகாக்‌ஷன் பிடிக்கிறவர்களுக்கு இது பிடித்துவிடும். நிறத்தைப் பார்த்து "செம ஸ்ட்ராங்" என்று பயப்பட வேண்டாம். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. வெளுப்பான ஐபிஏ பல ஸ்டவுட்டுகளைவிட ஏறும்.

எது பிடிக்கும் என்றே தெரியாதா? 'சாம்ப்ளர்' கேளுங்கள். சின்னச் சின்ன கிளாஸில் நாலைந்து வகையை ஒரே பலகையில் வைத்துத் தருவார்கள். நாலு பேர் ஒன்று வாங்கிப் பகிர்ந்தாலே ருசி தெரிந்துவிடும். லேசானதில் ஆரம்பித்து கசப்பானதைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஐபிஏ குடித்துவிட்டால் நாக்கில் அந்தக் கசப்பு உட்கார்ந்துகொண்டு, அடுத்து வரும் விட்பியர் வெறும் தண்ணியாகத்தான் தெரியும்.

எவ்வளவு குடிச்சா எவ்வளவு ஏறும்?

இந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 500 மில்லி கிளாஸ், 5% ஆல்கஹால் என்றால் உள்ளே இருப்பது 25 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 20 கிராம். 10 கிராமை ஒரு 'ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்' என்று கணக்கிடுவார்கள். அதாவது ஒரு பெரிய கிளாஸ் பீர் ரெண்டு ட்ரிங்க்.

ஒரு ட்ரிங்க் கரைய கல்லீரலுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேண்டும். உடல் எடை, ஆணா பெண்ணா, சாப்பிட்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்து கூடும், குறையும். மூன்று கிளாஸ் என்றால் ஆறு ட்ரிங்க். மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தவருக்கு அது முழுசாகக் கரைய இரவு 10, 11 மணிகூட ஆகலாம். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. காபி குடித்தால் தூக்கம் போகும், போதை போகாது.

"பீர்தானே" என்ற அலட்சியம் தப்பாவது இங்கேதான். கிராஃப்ட் பீரில் ருசி மாறிக்கொண்டே இருப்பதால் எண்ணிக்கை மறந்துபோகும்.

கச்சேரி அன்னிக்கே போகலாமா?

வேண்டாம் என்பதே நல்ல யோசனை. பீர் சிறுநீரை அதிகமாக்கும். ஆயிரக்கணக்கானோர் நிற்கும் மைதானத்தில் டாய்லெட் வரிசைக்குப் போனால் பிடித்த பாட்டு போச்சு. நாலு மணி நேரம் வெயிலில், கூட்டத்தில் நிற்கும்போது உடம்பில் தண்ணீர் குறைந்து மயக்கம் வரவும் வாய்ப்பு உண்டு. கச்சேரி முடிந்த மறுநாள், வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுப் போவது எல்லாவிதத்திலும் வசதி.

போக்குவரத்துக்கு நம்ம மெட்ரோ போதும். மெஜஸ்டிக்கிலிருந்து பர்ப்பிள் லைன் எம்.ஜி. ரோடு, இந்திரா நகர், ஒயிட்ஃபீல்டு எல்லாவற்றையும் தொடும். நைஸ் கிரவுண்ட்ஸ் இருக்கும் மாதவரா பக்கம் கிரீன் லைன் 2024 நவம்பரில் நீண்டுவிட்டது. (நம்ம மாதவரம் இல்லை, துமகூரு ரோட்டில் இருக்கும் மாதவரா.) வயதைக் காட்டும் ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெங்களூரு பப்களில் 21 வயதுதான் நடைமுறை. காந்தி ஜெயந்தி, தேர்தல் நாட்கள் போன்ற 'டிரை டே' இல்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில் வரும்போது...

மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநில வரி தனி. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

இன்னொன்று. நாலு பேரில் ஒருத்தர் குடிக்கவில்லை என்றால், பில்லை நாலாகப் பிரிக்காதீர்கள். லைம் சோடா குடித்தவர் தலையில் மூன்று பேர் பீர் விழுவது நியாயமே இல்லை. "ஒரே ஒரு வாய்டா மச்சான்" என்று நச்சரிப்பதும்தான்.

ஒரு பாட்டில் வாங்கிட்டு வரலாமா?

முதலில், டேப் பீர் பயணத்துக்கானது இல்லை. குளிர்ச்சி போனால் ருசி போகும். அதைவிட முக்கியம் சட்டம். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். புதுச்சேரி போய்வரும் வண்டிகளை எல்லையில் மடக்கிச் சோதிப்பது இதற்காகத்தான். அங்கே குடிக்கும் வயது 18 என்பதால் "பாண்டியிலேயே முடிச்சுக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் திரும்பும் வழியில் 21-ம், மதுவிலக்குச் சட்டமும் காத்திருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

ரயிலில் போதையில் ரகளை செய்தால் ரயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி இறக்கிவிடலாம். 6 மாதம் வரை சிறையும், 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஸ்டாண்டில் நிற்கும் பைக்

பெங்களூருவில் மெட்ரோ, ஆட்டோ என்று ஒழுங்காக இருப்பார்கள். ரயிலில் தூங்கிவிடுவார்கள். சென்ட்ரலில் இறங்கி திருவள்ளூர் லோக்கலைப் பிடித்து, வேப்பம்பட்டில் இறங்கும்போது மணி பத்தரை. "இப்ப தெளிஞ்சிடுச்சு" என்று நினைத்துக்கொண்டு பைக் சாவியை எடுப்பார்கள். வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே.

மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து மூன்று கிளாஸ் குடித்தவருக்கு, குறிப்பாக உடல் எடை குறைவானவருக்கு, அந்த நேரத்திலும் ரத்தத்தில் ஆல்கஹால் மிச்சம் இருக்கலாம். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாவது முறை 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை. முந்தின இரவு சரியாகத் தூங்காத கண்ணும், லைட் இல்லாத தெருவும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கிளம்பும்போதே பைக்கை வீட்டில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன் வரலாம். ஏற்கெனவே ஸ்டாண்டில் போட்டாச்சு என்றால் திங்கள்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்காரர் கூடுதலாக ஒரு நாள் வாடகை கேட்பார்.